அடைத்த காற்றும் அளந்த காற்றும்

காற்று கண்ணுக்குப் புலப்படாதது, கைக்கு அகப்படாதது. ஆயினும் மனிதன் காற்றைப் பற்றிப் பிடித்து, ஓரிடத்தில் அடைத்து, தான் விரும்பியபோது விரும்பிய திசையில் விடுவிக்கக் கற்றுக் கொண்டான். கப்பற் பாயும், கொல்லன் துருத்தியும், நாதசுரமும் அக்கல்வியின் பயன்களே. அக்கல்வியின் வழிவந்த கருவிகளுள் நம் பாடநூல்களில் அதிகம் இடம் பெறாத ஒன்று காற்றுத் துப்பாக்கி. மருந்தும் நெருப்பும் புகையும் இன்றி, அடைத்த காற்றின் வலிமை ஒன்றினாலேயே குண்டினை எய்யும் அவ்வேட்டைக் கருவியின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். ஆயுதத்தின் புகழ் பாடுவது இதன் நோக்கமன்று. ஆற்றலைத் திரட்டுவதற்கும் அதனை அளந்து செலவிடுவதற்கும் இடையில் எத்துணை நீண்ட காலத் தொலைவு கிடந்தது என்பதை மாணவர்க்கு உணர்த்தவல்ல எடுத்துக்காட்டு என்பதாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

மூச்சே முதற் கருவி

காற்றால் எய்யும் கலை ஐரோப்பாவில் பிறந்ததென்று எண்ணுதல் பிழை. நாம் வாழும் இத்தீபகற்பத்தின் காடுகளில் செமாய், தெமியார் முதலிய பூர்வகுடி மக்கள் நெடுங்காலமாகச் சும்பித்தான் என்னும் ஊதுகுழலைக் கொண்டு வேட்டையாடி வந்துள்ளனர். கணுக்கள் நீண்ட மூங்கிலால் குழல் அமைத்து, மெல்லிய அம்பின் முனையில் ஈப்போ மரத்துப் பாலின் நஞ்சினைத் தோய்த்து, உயர்ந்த மரக்கிளையில் இருக்கும் குரங்கினையும் பறவையினையும் அவர்கள் வீழ்த்துவர். பேராக் மாநிலத்தின் தலைநகருக்கு ஈப்போ என்ற பெயர் அம்மரத்தினால் வந்தது என்பதை மாணவர்க்கு நினைவூட்டலாம். தென்னிந்தியாவிலும் இக்கருவி வழங்கியது. சுங்குத்தான் என்று தமிழில் இதற்கொரு பெயர் உண்டு. தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் அறிஞர் 1924ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் வெளியிட்டுள்ளார்.

இவ்வூதுகுழலில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. வேடன் தன் நெஞ்சில் காற்றை நிரப்புகின்றான். ஆனால் அதனை முழுவதும் ஒருங்கே கொட்டி விடுவதில்லை. இரையின் தொலைவையும் அம்பின் எடையையும் மனத்தில் கொண்டு, வேண்டிய அளவினை ஒரே வீச்சில் விடுகின்றான். முதல் அம்புக்கும் பத்தாம் அம்புக்கும் அவன் மூச்சின் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சேமிக்கும் கலனும் அளக்கும் கருவியும் அவன் உடலிலேயே ஒருங்கமைந்துள்ளன. பொறியாளர் பின்னாளில் இரும்பிலும் பித்தளையிலும் தேடி அலைந்தது இப்பண்பைத்தான்.

இரும்புக் கலனில் காற்று

ஐரோப்பாவில் காற்றுத் துப்பாக்கிகள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றின. ஸ்டாக்ஹோம் நகரத்து அரச ஆயுத அருங்காட்சியகத்தில் 1580ஆம் ஆண்டையொட்டியது எனக் கருதப்படும் துருத்தித் துப்பாக்கி ஒன்று உள்ளது. ஆனால் அக்காலத்தார்க்குக் காற்றின் இயல்பு தெளிவாகத் தெரியாது. 1650ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானியராகிய ஓட்டோ வான் கெரிக்கே காற்றை வெளியேற்றும் பம்பினை உருவாக்கினார். வெப்பநிலை மாறாதிருக்கையில், ஒரு வாயுவின் கன அளவைப் பாதியாக்கினால் அதன் அழுத்தம் இருமடங்காகும் என்னும் விதியை 1662ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் வெளியிட்டார். அதன் பின்னரே காற்றினைச் சுருக்கி வலிமை பெறுதல் கணக்கிற்கு உட்பட்ட கலையாயிற்று.

அக்கலையின் 18ஆம் நூற்றாண்டுச் சிகரம், பார்த்தலோமியஸ் ஜிரார்டோனி என்பார் ஆஸ்திரியப் படைக்காக உருவாக்கிய துப்பாக்கி ஆகும். ஜிராண்டோனி என்றும் எழுதப்படும் இவர் டைரோல் மலைநாட்டில் பிறந்தவர். 1780ஆம் ஆண்டு மாதிரி என வழங்கும் இவருடைய துப்பாக்கி ஏறக்குறைய 4 அடி நீளமும் 10 இறாத்தல் எடையும் கொண்டது. தோளில் அணைக்கும் அடிக்கட்டை மரமன்று. கழற்றக்கூடிய இரும்புக் கலன். குழலின் பக்கத்தே ஏறக்குறைய 20 ஈயக் குண்டுகளைத் தாங்கும் நீண்ட குழாய் இருந்தது. துப்பாக்கியைச் சற்று நிமிர்த்தி, குறுக்குக் கட்டை ஒன்றைத் தள்ளினால் அடுத்த குண்டு தன் இடத்தில் வந்து அமரும். மற்றைய படைவீரர் ஒவ்வொரு வேட்டுக்கும் மருந்தைக் கொட்டிக் குண்டை இடித்துக் கொண்டிருந்த காலத்தில் இஃது அரிய சாதனையே.

கலனில் காற்றை நிரப்பக் கைப்பம்பினை ஏறக்குறைய 1,500 முறை அழுத்த வேண்டும். அவ்வாறு நிரப்பினால் சதுர அங்குலத்துக்கு 800 இறாத்தல் அளவில், அதாவது 55 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிக் காற்று திரளும். மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக் கை சோர்ந்த அனுபவம் நம் மாணவர்க்கு உண்டு. அச்சக்கரத்தில் அடங்கும் அழுத்தத்தைப் போல் பத்து மடங்கிற்கும் மேற்பட்டது இது. அதனைத் தாங்க வளைத்துப் பொருத்திய இரும்புத் தகடும், கசியாமற் காக்கத் தோல் வளையமும் அன்றி வேறு துணை அக்காலத்தில் இல்லை.

இக்கருவியின் பெருங்குறை கலனின் வலுவின்மையோடு நிற்கவில்லை. குதிரையைத் தட்டினால் சுத்தியல் அடித்து, வால்வு எனப்படும் அடைப்பிதழ் இமைப்பொழுது திறக்கும். ஒரு பங்கு காற்று வெளியேறிக் குண்டினை உந்தும். உடனே கலனில் அழுத்தம் குறையும். அடுத்த குண்டு அக்குறைந்த அழுத்தத்தால் உந்தப்படும். ஒரு கலனில் முப்பது வேட்டுகள் வரை கிடைப்பினும், பிற்பட்ட குண்டுகள் முற்பட்டவற்றைப் போல் விரைந்து செல்லா. விரைவு குறைந்தால் குண்டு இலக்கினை அடையுமுன் தாழும். ஆதலின் வீரன் ஒவ்வொரு வேட்டுக்கும் தன் குறியை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். கலன்களைச் செய்வதும் பேணுவதும் கடினம். வீரரைப் பயிற்றுவதும் கடினம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அது படைப் பயன்பாட்டிலிருந்து மறைந்தது.

அமெரிக்கப் பயணத்தில்

இவ்வகைத் துப்பாக்கி உலகப் புகழ் பெற்றது போர்க்களத்தில் அன்று, ஒரு நெடும்பயணத்தில். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் மேற்கு நிலப்பகுதியை ஆராய்ந்து வருமாறு மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்னும் இருவரை அனுப்பினார். 1803 ஆகஸ்டு 30ஆம் நாள் லூயிஸ் எழுதிய நாட்குறிப்பின் தொடக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கி வருகிறது; அதுவும் ஒரு விபத்தோடு வருகிறது.

பிட்ஸ்பர்க் நகரிலிருந்து படகில் புறப்பட்ட லூயிஸ், அருகிருந்த தீவு ஒன்றில் இறங்கி, கூடியிருந்தோர்க்குத் தம் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டினார். 55 கெஜத் தொலைவில் ஏழு முறை சுட்டார். குறி நன்கு வாய்த்தது. பின்னர் அதன் இயக்கம் அறியாத ஒருவர் கையில் அதனைக் கொடுத்தார். எதிர்பாராமல் குண்டு பாய்ந்தது. ஏறக்குறைய 40 கெஜத் தொலைவில் நின்ற பெண் ஒருத்தியின் தொப்பியைத் துளைத்து, நெற்றிப் பொட்டைக் கீறிச் சென்றது. அவள் குருதி வழிய விழுந்தாள். இறந்தாள் என்றே அனைவரும் நடுங்கினர். சிறிது நேரத்தில் அவள் உணர்வு பெற்றாள். காயம் உயிருக்கு ஊறு செய்யத்தக்கது அன்று என்று கண்டு ஆறுதலடைந்தனர். அப்பெண்ணின் பெயரை நாட்குறிப்பு தரவில்லை. துப்பாக்கியின் பெருமை பேசும் நூல்கள் இந்நிகழ்ச்சியை வேடிக்கை போலச் சொல்லிக் கடந்து விடுகின்றன. நெருப்பில்லாத துப்பாக்கி தீங்கற்றது என்னும் மயக்கம் எத்துணைக் கொடியது என்பதற்கு அவள் நெற்றித் தழும்பே சான்று என்று நாம் நம் மாணவர்க்குச் சொல்லுதல் தகும்.

அப்பயணம் 1806ஆம் ஆண்டு வரை நீண்டது. வழியில் கண்ட செவ்விந்தியக் குலத்தார் பலர்க்கும் லூயிஸ் இத்துப்பாக்கியைச் சுட்டுக் காட்டினார். மருந்தின்றியும் புகையின்றியும் அது பன்முறை சுடுவதைக் கண்டு அவர்கள் வியந்தனர் என்று நாட்குறிப்புகள் கூறுகின்றன. வியப்பூட்டுவதோடு அச்சமூட்டுவதும் அக்காட்சியின் பயனாயிற்று. கலனிலுள்ள காற்று சில வேட்டுகளில் தளர்ந்து போகும் என்பதைக் காண்போர் எங்ஙனம் அறிவர்? ஓயாமற் சுடும் என்று தோன்றிய கருவி உண்மையில் ஓய்ந்து போகும் கருவியே. ஆனால் அதனைக் காட்டியவர்களின் பின்னே வந்த குடியேற்றம் ஓயவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அக்குலத்தார் தம் நிலங்களில் பெரும்பகுதியை இழந்தனர் என்பதையும் வரலாற்றாசிரியன் மறத்தல் ஆகாது.

நாட்குறிப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. 1805 ஜூன் மாதத்தில் துப்பாக்கியின் முதன்மை வில்லினைப் புதுப்பிக்க நேர்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் அதன் குறிகாட்டி இடம் பெயர்ந்திருக்கக் கண்டு லூயிஸ் அதனை மீண்டும் சரிசெய்தார். பழுதும் திருத்தமுமாகவே அக்கருவி அப்பயணத்தைக் கடந்தது.

லூயிஸ் கொண்டு சென்றது யாருடைய கைவண்ணம் என்பது பற்றி நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஐசையா லூக்கன்ஸ் செய்தது என்று பலர் எழுதினர். ஆனால் 1803 செப்டம்பரில் லூயிஸைச் சந்தித்த தாமஸ் ராட்னி என்பவரின் நாட்குறிப்பு, அது அடுக்கடுக்காக 22 குண்டுகள் எய்யும் துப்பாக்கி என்று விவரிக்கின்றது. அதனை நோக்கிய ஆராய்ச்சியாளர் பலர் இன்று அதனை ஜிரார்டோனி வகையினதாகவே கொள்கின்றனர். ஓர் எண்ணிக்கையைக் கண்டவாறே குறித்து வைத்த ஒருவரின் பழக்கம் இருநூறு ஆண்டுக்குப் பின் ஒரு வழக்கினைத் தெளிவித்தது. குறிப்பெழுதும் பழக்கத்தின் பயனை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அருகருகே இருந்தும் சேராத இரண்டு

காற்றுத் துப்பாக்கி அழுத்தத்தைச் சீராக்க இயலாமல் தடுமாறிக் கொண்டிருக்க, அதற்குரிய விடை வேறொரு துறையில் பிறந்தது. பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் பெனுவா ரூக்கேரோல், நச்சுக்காற்று சூழ்ந்த சுரங்கத்தில் மூச்சுவிட உதவும் சீராக்கி ஒன்றை 1860ஆம் ஆண்டில் பதிவு செய்தார். பின்னர்க் கடற்படை அதிகாரி டெனேரூஸ் என்பாரோடு கூடி அதனை நீர்மூழ்குவோர்க்கு ஏற்ப அமைத்தார். கலனில் காற்று மிகுந்த அழுத்தத்தில் இருப்பினும், மூழ்குவோன் இழுக்கும்போது அவன் மார்புக்கு வேண்டிய அழுத்தத்தில் மட்டும் அது வெளிவரும்.

1869, 1870 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஜூல்ஸ் வெர்ன் அவர்களின் கடலடிப் பயணக் கதையில் இச்சீராக்கி இடம் பெறுகின்றது. கப்பல் தலைவர் நீமோ தம் விருந்தினரைக் கடலடிக் காட்டுக்கு வேட்டைக்கு அழைத்துச் செல்கின்றார். அவர்கள் முதுகில் 50 வளிமண்டல அழுத்தத்தில் காற்றடைத்த கலனும் ரூக்கேரோலின் சீராக்கியும் இருக்கின்றன. கையிலோ அடிக்கட்டையில் காற்றடைத்த துப்பாக்கி இருக்கின்றது! முதுகிலுள்ள காற்று அளந்து வருகின்றது. கையிலுள்ள காற்று அளவின்றி வருகின்றது. ஒரே வேட்டையில், ஒரே மனிதன் உடலில், இரண்டும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன. ஆயினும் அவற்றை இணைக்க வேண்டும் என்ற எண்ணம் கற்பனையிற் சிறந்த அவ்வாசிரியர்க்கும் தோன்றவில்லை.

1889ஆம் ஆண்டையொட்டிப் பால் ஜிஃபார் என்னும் பிரஞ்சுக்காரர் காற்றுக்குப் பதிலாகத் திரவக் கரியமில வாயுவைத் துப்பாக்கியில் பயன்படுத்தினார். கலனில் திரவம் உள்ளவரை, வெளியேறிய வாயுவின் இடத்தை ஆவியாகும் திரவம் நிரப்பும். ஆகவே அழுத்தம் பெரிதும் குன்றாது. இயற்கையே அமைத்த சீராக்கி என்று இதனைச் சொல்லலாம். ஆனால் அவ்வழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 பாகை வெப்பத்தில் 57 வளிமண்டல அளவில் இருப்பது குளிர்காலையில் வெகுவாகத் தாழும். நண்பகலில் சரியாக இருந்த குறி விடியலில் பிழைக்கும். 20ஆம் நூற்றாண்டில் வில்லால் இயங்கும் துப்பாக்கிகளே பெரிதும் பரவின. ஒவ்வொரு வேட்டுக்கும் வில்லினை மடக்கிப் புதிதாகக் காற்றை அழுத்துவதால் அவற்றில் வேகம் ஒரு சீராக இருந்தது; ஆனால் வில்லின் உதைப்பு குறியைக் குலைத்தது.

இரண்டும் இணைந்த வரலாறு

1943ஆம் ஆண்டில் எமில் கான்யாங் என்னும் பொறியாளரும் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் நீர்மூழ்குவோர்க்கான புதிய சீராக்கியை உருவாக்கினர். போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு மாற்றாக வாயுவால் மோட்டார் வண்டிகளை ஓட்டுவதற்கென அமைத்த கருவியே அதற்கு மூலமாயிற்று. போருக்குப் பின்னர் நீர்மூழ்கும் விளையாட்டு பரவியது. 200 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கலன்களும், அவற்றை நிரப்பும் நிலையங்களும் நகரந்தோறும் தோன்றின. 1,500 முறை கைப்பம்பினை அழுத்தும் வேலை ஒழிந்தது. 1970களில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவுகணைக் கலன் நுட்பத்தைக் கொண்டு, தீயணைப்பு வீரர்க்கு எடை குறைந்த காற்றுக் கலன்கள் ஆக்கப்பட்டன. அவற்றின் வழிவந்த கரியிழைக் கலன்கள் இன்று 300 வளிமண்டல அழுத்தம் வரை தாங்குகின்றன.

இவ்வசதிகள் துணையாகவே அடைத்த காற்றுத் துப்பாக்கி மறுபிறவி எடுத்தது. இங்கிலாந்தில் 1978இல் தொடங்கி விலங்குகளுக்கு மயக்க ஊசி எய்யும் கருவிகளைச் செய்த டேஸ்டேட் நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் முயல், காட்டுப்புறா முதலியவற்றை வேட்டையாடும் காற்றுத் துப்பாக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. தொடக்கத்தில் இத்தகைய துப்பாக்கிகளிற் சீராக்கி இல்லை. அதனால் ஒரு விந்தையும் நேர்ந்தது. கலன் நிறைந்திருக்கையில் குண்டின் வேகம் குறைவாகவும், பாதி தீர்ந்தபின் மிகுதியாகவும், பின்னர் மீண்டும் குறைவாகவும் இருந்தது! மிகுந்த அழுத்தம் அடைப்பிதழையே இறுக மூடிக்கொள்வதால், சுத்தியலின் அடி அதனைப் போதுமான அளவு திறக்க இயலாமையே இதற்குக் காரணம். மிகுந்த வலிமையே வலிமைக்குத் தடையாயிற்று.

இக்குறையை நீக்கியது சீராக்கி. அதன் அமைப்பு எளியது. பெருங்கலனுக்கும் அடைப்பிதழுக்கும் இடையில் சிற்றறை ஒன்று உள்ளது. சிற்றறையின் வாயிலில், உள்ளே துளையுடைய உந்துதண்டு ஒன்றைத் தட்டுவில்கள் திறந்த நிலையில் தாங்கி நிற்கின்றன. பெருங்கலனின் காற்று அத்துளை வழியே சிற்றறைக்குப் பாய்கின்றது. அங்கே அழுத்தம் குறித்த அளவை எட்டியதும், அவ்வழுத்தமே உந்துதண்டின் அகன்ற முகத்தைத் தள்ளி, வில்லினை வென்று வாயிலை மூடிவிடுகின்றது. குண்டு பாய்ந்து சிற்றறையில் அழுத்தம் தாழ்ந்ததும் வில் மீண்டும் வாயிலைத் திறக்கின்றது. காவலன் எவனும் இல்லை. காற்றே தனக்குக் காவல்.

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். அரை லிட்டர் கலனில் 250 வளிமண்டல அழுத்தத்தில் காற்று உள்ளது என்க. சீராக்கி 130 அளவில் அமைக்கப்பட்டுள்ளது. இடையிலுள்ள 120ஐ அரையால் பெருக்க, பயன்படக்கூடிய காற்று ஏறக்குறைய 60 லிட்டர். ஒரு வேட்டுக்கு ஒரு லிட்டர் எனக் கொண்டால் 60 குண்டுகளும் ஒரே வேகத்தில் செல்லும். அழுத்தம் 130க்குக் கீழிறங்கிய பின்னரே வேகம் தளரும். மிகுந்த அழுத்தத்தில் காற்று பாயிலின் விதியிலிருந்து சிறிது விலகுவதால், உண்மை அளவு இதனினும் சற்றுக் குறையும் என்பதை மேல்வகுப்பு மாணவர் அறிதல் நன்று.

வேட்டைக்காரனுக்கு இச்சீர்மை வெறும் வசதியன்று, அறம். காற்றுத் துப்பாக்கியின் சிறு குண்டு, முயலின் தலையில் ஓர் அங்குல வட்டத்தினுள் பட்டால் அஃது அக்கணமே மாயும். ஈரங்குலம் தாழ்ந்து பட்டால் காயத்தோடு புதருக்குள் ஓடி, துன்புற்றுச் சாகும். வேகம் மாறினால் குண்டு தாழும் அளவு மாறும். தாழும் அளவு மாறினால் விலங்கின் வேதனை மிகும்.

சீராக்கியும் குற்றமற்றதன்று. வாயிலின் மெத்தையில் தூசியோ ஈரமோ படிந்தால் காற்று மெல்லக் கசிந்து சிற்றறை அழுத்தம் ஏறும். ஓரிரவு கிடந்த துப்பாக்கியின் முதல் வேட்டு மறுநாள் குறி தவறும். ஆதலின் உலர்ந்த, தூய காற்றையே நிரப்ப வேண்டும். காற்றுக்குப் பதிலாகப் பிராணவாயுவை நிரப்பினால், உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து கலன் வெடித்துச் சிதறும் அபாயம் உண்டு. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கொள்வது இக்காரணங்களை எண்ணுவார்க்கு வியப்பளிக்காது.

முடிவுரை

ஜிரார்டோனியின் கலன் 1780இல் இருந்தது. ரூக்கேரோலின் சீராக்கி 1860இல் இருந்தது. இவ்விரண்டும் வேட்டைத் துப்பாக்கியில் நிலையாகக் கூடுவதற்கு மேலும் நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அறிவு இல்லாமையால் நேர்ந்த தாமதம் அன்று இது. சுரங்கத்தார் கண்டதைத் துப்பாக்கி செய்வோர் நோக்கவில்லை; நீர்மூழ்குவோர் கற்றதை வேட்டைக்காரர் கேட்கவில்லை. ஒரு பாடத்தில் கற்றதை மறு பாடத்தில் பயன்படுத்தத் தெரியாத மாணவனை நாம் வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றோம். அறிவியல் வேறு, வரலாறு வேறு, மொழி வேறு என்று பாடவேளைகளைப் பிரித்து வைத்த நமக்கும் அதில் பங்குண்டு.

காற்றை அடைக்க வலிமை போதும். அதனை அளந்து விடுதற்கோ பொறுமையும் கணக்கும் வேண்டும். பேராக் மலைக்காட்டில் மூங்கிற் குழலை உதட்டில் வைத்து மூச்சடக்கி நிற்கும் வேடன் இதனை எந்நூலிலும் படித்தவன் அல்லன். ஆயினும் எவ்வளவு ஊதவேண்டும் என்பது அவன் நெஞ்சுக்குத் தெரியும்.